நுண்ணுயிர் நண்பர்கள் – 9: கிங்ஸ்பரி கொண்டுவந்த கிருமி

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனை நட்டார். மலாயாவில் வணிகத்துக்கென நட்ட முதல் செம்பனை அதுதான். பழம் உதிர்ந்தால் எலி வரும்; எலியோடு உண்ணியும் வரும். கண்ணுக்கே எட்டாத உண்ணிக் குஞ்சு லாலான் புல்லில் தொற்றிக்கொண்டிருக்கும். புல் வெட்டப் போனவர் காலில் அது கடித்தால், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, பிதற்றல். கொய்னா கொடுத்தாலும் இறங்காது. 1920களில் சிலாங்கூர் தோட்டத்து ஆசுபத்திரிகளில் நம்மவர்களைப் படுக்கவைத்த 'கிராமத்து டைபஸ்' இது.

இதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. இந்த டைபஸின் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். ஆய்வுக்கூடத் தட்டில் வளராது. ஆகவே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை வேவு பார்க்க விட்டார்கள். நோயாளியின் சீரத்தில் அதைக் கலந்தால், டைபஸ் இருக்கும்பட்சத்தில் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாக அடியில் படியும். மேலே நீர் தெளிந்துவிடும். புரோட்டியஸ் இந்தக் காய்ச்சலைத் தருவதே இல்லை. இரண்டு கிருமிகளுக்கும் மேலுறையில் கொஞ்சம் சாயல், அவ்வளவுதான். எதிர்ப்பொருள் ஆள்மாறிப் பிடிக்கிறது.

ஆய்வுக் கழகத்து டாக்டர் கிங்ஸ்பரி, இந்தச் சோதனைக்கு வழக்கமான எக்ஸ்19 வகை என்று நம்பி இங்கிலாந்திலிருந்து ஒரு புரோட்டியஸைக் கொண்டுவந்தார். அதே கழகத்து ஃபிளெட்சரும் லெஸ்லரும் அதையும் பழைய வார்சா வகையையும் அருகருகே வைத்துச் சோதித்தார்கள். பட்டணத்து நோயாளியின் சீரம் வார்சாவை மட்டும் ஒட்டவைத்தது. தோட்டத்து நோயாளியின் சீரமோ கிங்ஸ்பரியின் கிருமியை மட்டும். ஒரே நோய் என்று நினைத்திருந்தது இரண்டாகப் பிரிந்தது! இன்றும் ஆய்வுக்கூடச் சீட்டில் 'ஓஎக்ஸ்கே' என்று வருகிறதே, அந்தக் 'கே' கிங்ஸ்பரிதான். இரத்தம் கொடுத்த தோட்டத்தாருக்கு ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

மருந்தும் பாக்டீரியாவிடமிருந்தே வந்தது. வெனிசுவேலா மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்று சுரந்த குளோராம்ஃபெனிக்கோலை 1948இல் ஸ்மாடெல் தலைமையில் ஓர் அமெரிக்கக் குழு கோலாலம்பூருக்கு எடுத்து வந்தது. லூத்வெயிட்டும் சாவூரும் உடன் நின்றார்கள். நம் கிராமத்து டைபஸும் ஜப்பானின் சுட்சுகாமுஷிக் காய்ச்சலும் ஒன்றே என்று முன்பே நிறுவிய இணை அது. மருந்து பெற்ற முதல் 25 பேரில் ஒருவரும் சாகவில்லை. உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அவர்களும் தேறினார்கள், டைபாய்டுக்கு மருந்து கிடைத்த கதை அப்படி.

புரோட்டியஸுக்கு அன்று தற்செயலாக வாய்த்த வேவுத் திறனை இன்று பாக்டீரியாவுக்குள் மரபணுவாகவே எழுதி வைக்கிறார்கள். 2015இல் எம்.ஐ.டி., சான் டியேகோ விஞ்ஞானிகள் ஈ.கோலை நிசில் என்ற நல்ல பாக்டீரியாவில் ஒரு நொதியின் மரபணுவைச் சேர்த்து எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள். ஈரலுக்குப் பரவிய புற்றுக்கட்டியில் அது குடியேறியது. பிறகு செலுத்திய வேதிப்பொருளை உடைத்தது. அதனால் சிறுநீரில் ஒளி தெரிந்தது, கட்டி இருப்பதற்கு அடையாளமாக.

வேலை முடிந்ததும் அந்த பாக்டீரியாவை எப்படி நிறுத்துவது? அடுத்த வாரம் பார்ப்போம்.