கொழும்பில் ஓர் ஊர்காண் காதை

விருந்தோம்பலுக்கென வள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். வந்தவரை முகமலர்ந்து ஏற்கும் பண்பும், அவரோடு பகிர்ந்துண்ணும் சிறப்பும் அங்கே பேசப்படுகின்றன. வந்தவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் கடமை பற்றி மட்டும் அங்கே குறிப்பில்லை. அக்குறையை இளங்கோவடிகள் ஒருவாறு நிறைவு செய்தார் எனலாம். சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்திலே ‘ஊர்காண் காதை’ என்றே ஒரு பகுதி உளது. கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாவலில் விட்டுவிட்டுக் கோவலன் தனியனாய் மதுரைக்குள் நுழைகின்றான். மணி விற்கும் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி எனக் கண்டு வியக்கின்றான். மீண்டு வந்து நகரின் சிறப்பையும் பாண்டியனது கொற்றத்தையும் புகழ்ந்துரைக்கின்றான். அவன் புகழ்ந்த அந்நகரிலேயே சின்னாட்களில் கொலையுண்டான். கடைத்தெருவைக் கண்டவன் நகரைக் கண்டவன் ஆகான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நகரை அறிந்த நண்பன் ஒருவன் அன்று அவனுடன் செல்லவில்லை.

கொழும்புக்கு அண்மையில் வாழ்வோர்க்கு இக்கடமை அடிக்கடி வாய்க்கின்றது. பாடசாலை விடுமுறை தொடங்கியதும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் உறவினரும் நண்பரும் வந்து சேர்வர். அவர்தம் பிள்ளைகளிடம் பட்டியல் ஒன்று ஆயத்தமாக இருக்கும். 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட, 350 மீற்றருக்கு மேல் உயர்ந்த தாமரைக் கோபுரம், கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் பரப்பில் எழுப்பப்பட்ட துறைமுக நகரம், தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. இவை காணத்தக்கனவே. எனினும் இவற்றோடு திரும்புவோர் கோவலன் கண்ட அளவே கண்டு திரும்புகின்றனர்.

அண்மையில் வடக்கிலிருந்து நண்பர் ஒருவர் தம் பேர்த்தியுடன் வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். இளமையில் கொழும்பிலே எழுதுவினைஞராக இருந்து, 1983 ஆடியில் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றவர். பேர்த்திக்கு நகரைக் காட்ட வேண்டும் என்பதே அவர் விருப்பம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற கேள்வி அன்று புதிய கனத்தோடு என் முன்னே நின்றது.

கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்தே தொடங்கினோம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இங்கிருந்துதான் புறப்பட்டது. 1990இல் வடபாதை துண்டுபட்டது. 2014இலேயே புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. வீதியைக் கடந்தால் புறக்கோட்டை. மூட்டை சுமக்கும் நாட்டாமைகளுக்கு வழிவிட்டு நடப்பதே அங்கே முதற்பாடம். ஒவ்வொரு குறுக்குத்தெருவுக்கும் ஒரு வாணிபம் உண்டு. கெபோஸ் ஒழுங்கைக்குள் நுழைந்தாலோ நாட்டு மருந்துகளின் மணம் வரவேற்கும். இரண்டாம் குறுக்குத்தெருவிலே செங்கல்லும் வெண்மையும் வரிவரியாய் அமைந்த ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், 1909 முதல் நிற்கின்றது. சற்று அப்பால், ஒல்லாந்தர் ‘முதலை வாயில்’ எனப் பெயரிட்ட இடத்திலே பழைய மணிக்கூண்டொன்று உளது. அதன் மணி, போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டே இராசதானியின் தேவாலயத்தில் ஒலித்தது என்பர். அதன் மேலே குன்றில், 1757இல் ஒல்லாந்தர் நிறைவு செய்த வுல்வெண்டால் தேவாலயம்.

அடுத்து செட்டியார் தெரு. கோவலன் கண்ட பொன் வீதி இதுதானோ என ஐயுறும்படி இருமருங்கும் நகைக்கடைகள். நடுவே கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் இரதம் புறப்படும் இடம். இந்த அயலிலே, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்துதான் டொமினிக் ஜீவா தம் கொழும்பு வாழ்க்கையில் ‘மல்லிகை’யை வெளியிட்டார். இந்நகரிலேயே 1930இல் வீரகேசரியும், பேரை வாவிக் கரையில் 1932இல் தினகரனும் பிறந்தன. தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு இத்தெருக்களும் தலங்களே.

கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைத் தரிசித்தோம். அதன் அயலிலேயே புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் எம்மதத்தவரும் வந்து மெழுகுதிரி ஏற்றும் அத்தலத்தில், 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது. திருத்தியமைக்கப்பட்ட அவ்வாலயத்துள் சிறுமி நெடுநேரம் பேசாது நின்றாள். பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லலாமா என்று கேட்போர் உளர். சொல்லாதுவிடின், பிறர் வெறுப்புடன் சொல்லும் கதையைத்தான் அவர்கள் கேட்பர்.

மாலையிலே காலிமுகத்திடல். தேசாதிபதி சேர் ஹென்றி வோட் 1859இல் நிறைவு செய்த உலாவீதி அது. நகரத்துப் பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்குதற்பொருட்டு அதனைப் பேணுமாறு பின்வருவோரை வேண்டும் கல்லொன்று அங்கே உண்டு. பட்டம் விடும் பிள்ளைகளும் இறால் வடை விற்போரும் இன்றும் அவ்வேண்டுகோளை நிறைவேற்றுகின்றனர். ஆயின் அப்புற்றரைக்கு வேறு நினைவுகளும் உண்டு. 1956 ஜூன் 5ஆம் நாள் தனிச்சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் இங்கே சத்தியாக்கிரகம் இருந்தனர், கும்பல்களால் தாக்குண்டனர். 2022இலோ, மூவினத்து இளைஞரும் நூறு நாட்களுக்கு மேல் இதே இடத்திற் கூடாரமிட்டிருந்தனர். அவ்வாண்டு மே 18ஆம் நாள், முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து அங்கே விளக்கேற்றப்பட்டது. ஒரே புல்லின்மீது இரண்டும் நிகழ்ந்தன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையன்று.

அங்கிருந்து வீடு திரும்புமுன் நண்பர் மெல்லக் கேட்டார்: “வெள்ளவத்தைக்கும் ஒருக்காப் போட்டு வருவமே? நான் இருந்த ஒழுங்கையைப் பிள்ளைக்குக் காட்ட வேணும்.”

சென்றோம். அவர் அறையெடுத்திருந்த வீடு இல்லை. மாடிக் குடியிருப்பொன்று நின்றது. பேர்த்தியின் கையைப் பிடித்தபடி, “இதிலதான் எங்கட வீடு எரிஞ்சது. அந்தா, பின்வளவில இருந்த சிங்கள அம்மாதான் என்னை இரண்டு நாள் ஒளிச்சு வைச்சுச் சோறு தந்தவ,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சிறுமி இரண்டு பக்கமும் பார்த்தாள். அதே வெள்ளவத்தையில், 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலையும் அன்று அவளுக்குக் காட்டினோம். எரிந்ததைக் கூறிய வாய், எஞ்சி நிற்பதையும் கூறவேண்டுமன்றோ?

மறுநாட் காலை கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்குச் சென்றோம். தேசாதிபதி கிரகெரி காலத்தில், 1877இல் திறக்கப்பட்ட அவ்வெண்ணிற மாளிகையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெருந்தொழிலாளர். அங்கே மன்னர்தம் அரியணையை விட நான் காட்ட விரும்பியது கருங்கல்லொன்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த கல் அது. 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளில் எழுதப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாராகிய திருமாலைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபிற் பேசுகின்றது. ஒவ்வொரு சமயத்துக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகள் கூறப்படுகின்றன. தென்னிலங்கைத் துறையொன்றில் நாட்டுதற்கெனச் செதுக்கிய கல்லிலே, தமிழுக்கும் இடமளிக்க வேண்டுமெனத் தொலைதூரச் சீனப் பேரரசு அன்றே அறிந்திருந்தது.

இக்கல் 1911இலே காலியில் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகின் மூடுகல்லாய்க் கிடந்தது. அதன்மேல் எத்தனை வண்டிகள் ஓடினவோ! சிறுமி தேய்ந்த வரிகளுக்குள்ளே கண்ணை ஓட்டி, “அப்பப்பா, இது எங்கட ‘ன’ எல்லோ?” என்றாள். நண்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவென மாணவரைப் பேருந்துகளில் ஏற்றிக் கொழும்புக்கு அழைத்து வருகின்றீர்கள். மிருகக்காட்சிச்சாலைக்கு அரைநாளும் கோபுரத்துக்கு அரைநாளும் ஒதுக்குகின்றீர்கள். அவற்றிலிருந்து ஒரு மணி நேரத்தை இக்கல்லுக்கு அளியுங்கள். மாலையிற் காலிமுகத்திடலில் இறங்கும்போது, பிள்ளைகள் கடலை நோக்கி ஓடுமுன்னர், அப்புற்றரையின் கதையைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். தம் நாட்டுத் தலைநகரிலே தமக்குள்ள பங்கு எத்தகையது என்பதைப் பிள்ளைகள் அதன்பின் தாமே கேட்கத் தொடங்குவர்.