கணினியின் கணக்கு இடையில் நின்றுபோவது ஏன்?

ஜொகூர் மாநிலத்தார் வெள்ளத்தை எளிதில் மறவார். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய ஊர்கள் நீரில் மூழ்கின. 2023 மார்ச்சில் பத்து பகாட் வட்டாரத்தில் வெள்ளம் வாரக்கணக்கில் வடியாது நின்றது. இவ்வளவு மழை பெய்தால் ஆற்றில் இவ்வளவு நீர் உயரும் என்று கணிப்பதற்கு இன்று கணினியே துணை. அக்கணினி நடுக்கணக்கில் திடீரென நின்றுபோவதும் உண்டு. அதன் காரணத்தை அறிவது, கணக்கின் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிவதும் ஆகும்.

எண் கணக்குக்குப் பெரிதும் வழங்கும் கருவிகளுள் மேட்லாப் ஒன்று. பைத்தான் மொழிக்குரிய நம்பை மற்றொன்று. இவற்றில் கட்டளை எழுதுவது எளிது. ஆயினும் ஒரே செயலைக் கோடிமுறை திரும்பச் செய்ய நேரின் வேகம் குன்றும். ஆகவே அப்பகுதியை மட்டும் சி, ஃபோர்ட்ரான் போன்ற மொழியில் எழுதி, முன்னதாகவே இயந்திர மொழியாக மாற்றிக் கருவியோடு சேர்ப்பர். இதனை இணைப்பு நிரல் எனலாம். இது பொதுவாகக் கருவிக்குரிய நினைவகத்துக்குள்ளேயே இயங்கும். எனவே இது தவறினால் கருவி முழுவதும் வீழும்.

சொற்கள் புணரும் இடத்தில் விதி வேண்டும் என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி தந்தான். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேற்படையைத் தந்தான். ஓர் ஒற்றால் பொருள் வேறாகிறது. இரு நிரல்கள் சேரும் இடமும் இத்தகையதே.

மேட்லாப் வரிசையை 1 முதல் எண்ணும். சி மொழி 0 முதல் எண்ணும். நூறு எண்கள் கொண்ட வரிசையில் சி மொழிக்குக் கடைசி இடம் 99. அங்கே 100 என்று எழுதினால், நிரல் தனக்கு உரிமையில்லாத நூற்றோராம் இடத்தைத் தொடுகிறது. அவ்விடம் நிரலுக்கு ஒதுக்கப்படாத பகுதியாயின், கணினியின் இயக்க அமைப்பு அந்நிரலை உடனே நிறுத்திவிடும். நாம் காணும் வீழ்ச்சி இதுவே.

பதிப்பு மாறுவதாலும் இது நேரும். 2024 ஜூன் 16 அன்று நம்பையின் 2.0 பதிப்பு வெளிவந்தது. அதில் உள்ளமைப்பு மாறியமையால், பழைய 1 வரிசைப் பதிப்புகளுக்கென ஆக்கிய இணைப்பு நிரல்கள் அதனோடு பொருந்தவில்லை. இயக்கினால் வீழக்கூடும் என்று கருவியே எச்சரித்தது. புதிய பதிப்பைக் கொண்டு அவற்றை மீண்டும் ஆக்குவதே அதற்கு வழி.

ஆயினும் வீழ்ச்சியினும் கொடியது ஒன்றுண்டு. தவறாகத் தொட்ட இடம் அந்நிரலுக்கே உரிய வேறோர் எண்ணின் இடமாயின், காவல் எதுவும் தடுக்காது; அவ்வெண் ஓசையின்றி அழியும்.

மற்றோர் எடுத்துக்காட்டு. இரண்டு நாள் மழையளவு கோத்தா திங்கியில் 10, 20 எனவும், சிகாமட்டில் 30, 40 எனவும் கொள்வோம். ஊருக்கு ஒரு வரியாக அட்டவணை எழுதினால், மேட்லாப் அதை நெடுக்காகப் படித்து 10, 30, 20, 40 என்று சேமிக்கும். சி மொழியிலோ குறுக்காகப் படிப்பதே வழக்கம். அவ்வாறு படித்தால் கோத்தா திங்கியின் மழை 10, 30 ஆகிவிடும். சிகாமட்டின் மழை கோத்தா திங்கியின் ஆற்றில் சேர்ந்துவிட்டது! கணினி நிற்கவில்லை, விடையும் அழகாக அச்சாகிறது, ஆனால் விடை பொய்.

ஆதலின் வீழ்ச்சியைப் பகையென்று கருதற்க. அது பிழையைக் காட்டிக்கொடுக்கும் மணியோசை. அவ்வோசை எழாத பிழைக்கு நாமே காவல். இணைப்பு நிரலை முதன்முதல் இயக்கும்போது, கையால் போட்டுச் சரிபார்க்கத்தக்க சிறு அட்டவணை ஒன்றைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் எண்கள் யாவும் வெவ்வேறாக இருத்தல் நன்று. எல்லாம் ஒரே எண்ணாயின், இடம் மாறியது தெரியவே தெரியாது.