பிரசவ லீவு கேட்டால் வேலைக்கு வேட்டா?
கடைத்தெருப் பெண்களே, கையெழுத்துப் போடுமுன் உஷார்!

சென்னை, தியாகராய நகர், புரசைவாக்கம், வண்ணாரப்பேட்டை. இந்தக் கடைத்தெருக்களில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று எங்கு பார்த்தாலும் பெண்கள்தான் வேலை பார்க்கிறார்கள்.

வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் சந்தோஷம் வருகிறது. கூடவே பயமும் வருகிறது. வேலை நிலைக்குமா?

“ஆறு மாசம் லீவா? வேலையை விட்டுட்டு நிம்மதியா பிள்ளையைப் பெத்துக்கோம்மா. அப்புறம் பார்க்கலாம்” என்று இனிக்க இனிக்கப் பேசி, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடும் முதலாளிகள் உண்டு. அந்த “அப்புறம்” வருவதே இல்லை!

ஆனால் சட்டம் சொல்வது வேறு.

80 நாள் போதும்

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடையா? பிரசவத் தேதிக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே 2 குழந்தைகள் இருந்தால் 12 வாரம்.

1961-ம் ஆண்டுச் சட்டம் கொடுத்த லீவு 12 வாரம்தான். 2017-ல் அது 26 வாரம் ஆனது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது.

“தினக்கூலிக்கு லீவு ஏது?” என்று மடக்கினாலும் அசர வேண்டாம். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் பிரசவ லீவு உண்டு என்று 2000-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது.

துரத்த முடியாது

லீவில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது. லீவு முடிவதற்குள் வேலை போகிற மாதிரி நோட்டீசும் கொடுக்கக் கூடாது. அவளுக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றவும் கூடாது. மீறி நீக்கினால், உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம்.

ராஜினாமாக் கடிதத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. துரத்தினால் சட்டம் துணைக்கு வரும். தானே எழுதிக் கொடுத்துவிட்டால், “அந்தம்மாவே போயிட்டாங்க சார்” என்று முதலாளி கையை விரித்துவிடலாம்!

இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த பெண்ணுக்கு லீவுக் காலப் பணத்தை இ.எஸ்.ஐ.யே கொடுக்கிறது. அங்கே முதலாளி “நஷ்டம்” என்று புலம்பவும் வழியில்லை.

ஆசிரியையின் போராட்டம்

சர்க்கார் உத்தியோகத்திலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் பிரசவ லீவு 12 மாதம். அதே ஆண்டு ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை லீவு கேட்டார். மறுமணத்துக்குப் பிறகு அவருக்கு அதுதான் முதல் குழந்தை. முதல் திருமணத்தில் பிறந்த 2 குழந்தைகளும் தகப்பனிடம் வளர்ந்தார்கள். “இது மூன்றாவது பிள்ளை, லீவு கிடையாது” என்று இலாகா மறுத்துவிட்டது.

சென்னை ஐகோர்ட்டில் தனி நீதிபதி லீவு கொடுக்கச் சொன்னார். இரு நீதிபதிகள் பெஞ்சு அதை ரத்து செய்தது. ஆசிரியை விடவில்லை. டெல்லிக்குப் போனார். 2025 மே 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிரசவ லீவு பெண்ணின் மகப்பேற்று உரிமையில் சேர்ந்தது என்றும் சொன்னது.

ஜெயித்தார். ஆனால் கேட்ட லீவுக்கு நியாயம் கிடைக்க கிட்டத்தட்ட 4 வருஷம்!

எழுத்தில் கேளுங்கள்

கடைத்தெருப் பெண்ணால் 4 வருஷம் கோர்ட்டுக்கு அலைய முடியுமா? அதனால்தான் ஆரம்பத்திலேயே உஷார் வேண்டும். லீவை வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதி முதல் லீவு என்று குறிப்பிட்டு, டாக்டர் சர்டிபிகேட்டை இணையுங்கள். ஒரு நகலில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

முதலாளி எந்தத் தாளை நீட்டினாலும் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், “வீட்டில் காட்டிவிட்டுப் போடுகிறேன்” என்று சொல்லி வாங்கி வாருங்கள். அந்த ஒரு வார்த்தை வேலையைக் காப்பாற்றும்!