குளத்தில் ஏன் விரலளவு குஞ்சு?

தாடிக்கொம்பு வட்டாரக் குளங்கள் பெரும்பாலும் கோடையில் வற்றிவிடும். ஐப்பசி மழையில் நிரம்பியதும் மீன்குஞ்சு விட வேண்டும். கட்லா மேல்நீரிலும் ரோகு நடுநீரிலும் மிர்கால் அடியிலும் இரை தேடுவதால் போட்டி குறைவு. ஆனால் தேங்கிய நீரில் இவை தாமாக இனம் பெருக்குவதில்லை. புதுவெள்ளம் புரளும் ஆறு வேண்டும். 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார். பண்ணைக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைப்பது அந்த அரிய உழைப்பால்தான்.

பொடிக்குஞ்சு மலிவு, ஆனால் விராலுக்கு எளிதில் இரையாகிவிடும். விரலளவு வளர்ந்ததுதான் தப்பிப் பிழைத்துத் தூண்டிலுக்கும் வலைக்கும் வரும். குஞ்சு வந்த பையைப் பிரிக்காமல் கால்மணி நேரம் குளத்தில் மிதக்கவிடுங்கள். இரு நீரின் சூடும் சமமான பிறகே திறக்க வேண்டும்.