மண்ணுக்கு ஒரு போர்வை!

நல்ல மழை நாளில், ஊட்டி, குன்னூர் பக்கம் ஓடைத் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? பால் ஊற்றிய டீ போல, பழுப்பாக ஓடும். அது தண்ணீரின் நிறம் அல்ல. மேட்டில் உள்ள யாரோ ஒருவருடைய தோட்டத்து மண்!

நீலகிரி மாவட்டம், அவலாஞ்சியில், 2019 ஆகஸ்ட் 8ம் தேதி, ஒரே நாளில், 82 செ.மீ., மழை கொட்டியது. அதாவது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் இடுப்பளவு! சரிவான இடத்தில் மண் வெறுமையாகக் கிடந்தால், மழைத்துளி அதை அடித்து உடைக்கும்; ஓடும் நீர் அள்ளிச் செல்லும். முதலில் போவது மேல் மண் தான். செடிக்கு வேண்டிய சத்து அதிகம் இருப்பதும் அதில் தான்.

அதே மலையில் உள்ள சோலைக்காட்டைப் பாருங்கள். அங்கே யார் உரம் போடுகின்றனர்? உதிர்ந்த இலையும், சுள்ளியும் தரையை மூடிக் கிடக்கும். அதை விலக்கினால், கறுகறுவென்று ஈர மண். இந்தப் போர்வைக்கு, 'மூடாக்கு' என்று பெயர். தேயிலைத் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வர். அப்போது வெட்டிய கிளைகளை, விறகுக்கு எடுக்காமல் அங்கேயே பரப்பினால், அதுவும் மூடாக்கு தான்.

நம் வீட்டுத் தோட்டத்துக்கு, மரம் வெட்டும் இடத்தில் சிதறிக் கிடக்கும் மரச்சில்லு போதும். முதலில் களை எடுத்து, மண்ணை நன்றாக நனையுங்கள். பின், 5 முதல் 8 செ.மீ., கனத்துக்கு சில்லைப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால், ஈரத்தில் தண்டு அழுகி விடும். கேரட், பீன்ஸ் விதைத்திருந்தால், முளைத்து கொஞ்சம் வளரும் வரை பொறுங்கள்.

சில்லை மண்ணோடு கலக்கவே கூடாது. ஒருமுறை, நான் புத்திசாலித்தனமாக மரத்தூளைக் கொத்திக் கலந்து விட்டேன். பீன்ஸ் செடிகள் எல்லாம் மஞ்சளாகி விட்டன! மரத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து தேவை. அதை மண்ணிலிருந்தே எடுத்துக் கொள்ளும். மேலே பரப்பினால், அந்தத் தொல்லை மேலோட்டத்தோடு நின்று விடும். மெல்ல மட்கி, பிறகு உரமாகும்.

நீலகிரியில் அதிகம் கிடைப்பது கற்பூர மரம், சீகை மரத்தின் சில்லு தான். இரண்டுமே வெளிநாட்டிலிருந்து வந்த மரங்கள். கற்பூர மரச் சில்லை, சில மாதம் மழையில் போட்டு வைத்து எடுப்பது நல்லது. சீகையில் காய், விதை இருந்தால் பொறுக்கி எறிந்து விடுங்கள். அதன் விதை, மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கும் சாமர்த்தியசாலி!

நம்பிக்கை வரவில்லையா... குப்பை அள்ளும் பழைய முறம் இரண்டு எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு மண் போட்டு, ஒன்றில் மட்டும் சில்லைப் பரப்புங்கள். சற்றே சாய்த்து வைத்து, கீழே ஆளுக்கொரு பேசின். இப்போது, பூவாளியால் இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் தெளியுங்கள்.

இரண்டு பேசினையும் அம்மா, அப்பாவிடம் காட்டுங்கள். அடுத்த முறை, விறகு பிளக்கிற இடத்துச் சில்லை அடுப்பில் போடாமல், உங்களுக்கு எடுத்து வைப்பர்!