ஊர்வலம் வளர்கிறது, தொட்டில் வளர்கிறதா?

நெய்யாறு அணைக்குப் போகும் வழியில் இருக்கிறது கள்ளிக்காடு. பாறசாலை, வெள்ளறடை, நெய்யாற்றின்கரை என்று நீளும் எல்லைப்புற ஊர்களில் இதுவும் ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தெற்கே நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு மாறியதே தவிர உறவு மாறவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் எல்லையைத் தாண்டித்தான் நடக்கிறது. பாட்டி தமிழிலும் பேரன் மலையாளத்திலும் பேசிக்கொள்ளும் வீடுகள் இங்கே உண்டு.

கூட்டமாக நடப்பது இப்பகுதி மக்களுக்குப் புதிதல்ல. வெள்ளறடையை அடுத்த குருசுமலைக்கு 1957 முதல் தவக்காலந்தோறும் யாத்திரை நடந்து வருகிறது. இன்று இரண்டு மாநிலத்தவரும் கூடும் பெருந்திருவிழாவாக அது வளர்ந்திருக்கிறது. சிறிதாகத் தொடங்கும் ஒரு நடை, ஆண்டுக்கு ஆண்டு ஆள் சேர்ந்து பெரிதாவது எப்படி என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி வேறொரு நடை கேரளத்துக்கு வந்து சேர்ந்தது. கருக்கலைப்பை எதிர்த்து ஆண்டுதோறும் நடத்தப்படும் தேசியப் பேரணி அது. அந்த ஆண்டு திருச்சூரில் நடந்தது. குருசுமலை நடை பக்தியின் நடை. திருச்சூர் நடையோ பக்தியோடு ஒரு சட்டத்தையும் எதிர்த்து நடந்தது. அது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, எதைச் சாதிக்கப் பார்க்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரே ஒரு முறைதான் என்று தொடங்கியது

இத்தகைய ஊர்வலங்களுக்கெல்லாம் மூலம் அமெரிக்கா. 1973 ஜனவரி 22-ஆம் தேதி அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், கருக்கலைப்பு செய்துகொள்வது பெண்ணின் அரசியல் சட்ட உரிமை என்று தீர்ப்புக் கூறியது. அடுத்த ஆண்டு அதே தேதியில் நெல்லி கிரே என்ற பெண் வழக்கறிஞர் வாஷிங்டனில் ஓர் ஊர்வலத்தை நடத்தினார். சுமார் 20 ஆயிரம் பேர் வந்ததாகக் கணக்கு. ஒரு தடவை நடந்தால் போதும், சட்டம் திருந்திவிடும் என்று எண்ணியே தொடங்கினார்கள். திருந்தவில்லை. எனவே மறு ஆண்டும் நடந்தார்கள். 2012-இல் காலமாகும் வரை நெல்லி கிரேயே அதற்குத் தலைமை தாங்கினார்.

ஜனவரி மாதத்துக் கடும் பனியிலும் கூட்டம் பெருகியது. கத்தோலிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் பஸ் பஸ்ஸாக மாணவர்களை அனுப்பி வைத்தன. முதலில் வந்தவர்களின் பிள்ளைகளும், பிறகு பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். 1980-களில் ஜனாதிபதி ரீகன் தொலைபேசி வழியே ஊர்வலத்தாரிடம் பேசினார். 2020-இல் டிரம்ப் நேரிலேயே வந்தார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஒருவர் அந்த மேடையில் ஏறியது அதுவே முதல் முறை. 2022 ஜூன் 24-ஆம் தேதி அந்தப் பழைய தீர்ப்பு ரத்தாயிற்று. எனினும் ஊர்வலம் நிற்கவில்லை. முடிவு மாநிலங்களின் கைக்குப் போய்விட்டதால், இனி மாநிலந்தோறும் போராட வேண்டும் என்று சொல்லி 2023 ஜனவரியிலும் நடந்தார்கள்.

ஊர்வலம் ஒரு பக்கத்தார் மட்டும் நடத்துவதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 2012 அக்டோபர் 28-ஆம் தேதி அயர்லாந்தில், கர்நாடகத்தைச் சேர்ந்த பல் டாக்டர் சவிதா ஹாலப்பனவர் இறந்தார். கர்ப்பம் தானே கலையத் தொடங்கியிருந்த நிலையில், கருவை அகற்றிவிடும்படி அவர் கேட்டும் கருவின் இதயத் துடிப்பு நிற்கவில்லை என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. ரத்தத்தில் நச்சு ஏறி, 31 வயதில் உயிர் போயிற்று. அந்நாட்டுத் தெருக்களில் அதன்பின் கிளம்பிய ஊர்வலங்கள் தடைச் சட்டத்தை எதிர்த்தவை. 2018 மே மாத வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் தடையை நீக்கச் சொன்னார்கள்.

நம் நாட்டுச் சட்டம்

அமெரிக்காவில் ஒரு தீர்ப்பை எதிர்த்து நடந்தார்கள். இங்கே எதிர்ப்பு பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் மீது.

வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்காகக் கருக்கலைப்பு செய்தாலும் குற்றம். செய்தவருக்கும் தண்டனை, செய்துகொண்டவளுக்கும் தண்டனை. ஆனாலும் ரகசியமாக நடந்துகொண்டுதான் இருந்தது. குச்சியாலும் கஷாயத்தாலும் கைராசிக்காரிகள் செய்த வேலையில் மாண்டவர்கள் ஏராளம். இதை ஆராய 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. 1966 டிசம்பரில் அது அறிக்கை தந்தது. அதன் விளைவாகவே 1971 ஆகஸ்டு 10-ஆம் தேதி மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

அந்த 1971 ஜூலையில்தான் எர்ணாகுளத்தில் மாபெரும் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்தது. ஒரே மாதத்தில் 63 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டார்கள். 'அளவான குடும்பம்' என்பது நாட்டின் மூச்சாக இருந்த காலம். சட்டத்தை எதிர்ப்பவர்கள், ஜனத்தொகையைக் குறைக்கவே இதைக் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள். ஆதரிப்பவர்கள், ரகசிய அறைகளில் சாகும் பெண்களைக் காப்பதற்கே என்கிறார்கள். இரண்டு கவலைகளும் அக்காலத்தில் இருந்தன என்பதே உண்மை.

சட்டத்தின் வாசகத்தைக் கவனித்தால் ஒன்று புலனாகும். கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று அது முழங்கவில்லை. பதிவு பெற்ற டாக்டர், குறிப்பிட்ட காரணங்களுக்காக, நல்லெண்ணத்துடன் செய்தால் குற்றமாகாது என்றுதான் சொல்கிறது. 2021-இல் அது திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் போன்ற சிலருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்து வேண்டும். சிசுவுக்குக் கடுமையான குறை இருந்தால், அதற்குப் பிறகும் மருத்துவ வாரியம் முடிவு செய்யலாம். வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும்; கணவரின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. அவளுடைய பெயரை வெளியிடுவது குற்றம்.

தில்லி, புனே, திருச்சூர்

சட்டம் வந்து 50 ஆண்டு நிறைந்த 2021 ஆகஸ்டு 10-ஆம் தேதியைக் கத்தோலிக்கத் திருச்சபையினர் துக்க தினமாக அனுசரித்தார்கள். நோய்த்தொற்றுக் காலமாகையால் வழிபாடே பெரும்பாலும் நடந்தது. மறு ஆண்டு அதே தேதியில் முதல் தேசியப் பேரணி தலைநகர் தில்லியில் நடைபெற்றது. 2023-இல் புனேயிலும், 2024-இல் திருச்சூரிலும் நடந்தது. ஆண்டுக்கு ஒரு நகரம் என்று ஊர் மாறிச் செல்வது இதன் தனித்தன்மை. வாஷிங்டனில் கூட்டம் ஓரிடத்துக்கு வருகிறது. இங்கோ பேரணி கூட்டத்தைத் தேடிப் போகிறது.

திருச்சூருக்கு வந்தபோது பேரணி தன் சொந்த வீட்டுக்கு வந்தது போலாயிற்று. 2022 முதல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவைக்குத் தலைவராக இருந்தவர் திருச்சூர் பேராயர் ஆன்ட்ரூஸ் தாழத்து. கேரள ஆயர் பேரவைக்கு உயிர்காப்புப் பணிக்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் சங்கம், தாய்மார் சங்கம், மறைக்கல்விப் பள்ளி என்று ஆள் திரட்டும் அமைப்பு ஏற்கெனவே தயாராக உள்ளது. தில்லியில் சிறுபான்மையினரின் குரலாக ஒலித்தது, திருச்சூரில் குடும்பம் குடும்பமாகக் கலந்துகொள்ளும் விழாவாகத் தோற்றம் கொண்டதில் வியப்பில்லை.

பேரணி நகரம் நகரமாகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் சுப்ரீம் கோர்ட்டும் சும்மா இருக்கவில்லை. தில்லிப் பேரணி நடந்து இரண்டு மாதம் ஆகுமுன், 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி, மணமாகாத பெண்களுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. புனேப் பேரணி நடந்து இரண்டு மாதத்தில், 2023 அக்டோபர் 16-ஆம் தேதி, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்ணின் 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி மறுத்தது. முதல் தீர்ப்பைப் பேரணியினர் குறை கூறலாம். இரண்டாவதைப் பெண்ணுரிமை இயக்கத்தினர் குறை கூறலாம். ஆனால் இரண்டு வழக்குகளிலும் கோர்ட் வாசலுக்கு வந்தவள் ஒரு பெண். அவளுக்கு முன்னே நின்றது வாரக் கணக்கு.

கூட்டத்தில் இல்லாதவள்

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக 'லான்செட்' குழும மருத்துவ ஏடு ஒன்றில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவற்றில் நூற்றுக்கு 73, ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரை விழுங்கி நடந்தவை. ஆஸ்பத்திரியில் நடந்தவை 22 சதவீதமே. அதாவது, பெரும்பாலான பெண்கள் டாக்டரிடம் போகவில்லை. மருந்துக் கடைக்கு யாரையாவது அனுப்பி, வீட்டின் பின்கட்டில் தனியே வலி தின்றிருக்கிறார்கள். சட்டம் அனுமதிக்கும் ஒன்றுக்கே இத்தனை ஒளிவு மறைவு. காரணம் அச்சம்: 'வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்கள்?'

பேரணி எவ்வளவு பெரிதானாலும் அதில் இந்தப் பெண் இருக்க மாட்டாள். அவள் பதாகை பிடிக்க வருவதில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் இன்னும் அதிகமாக ஒளிந்துகொள்ளக்கூடும். 'கொலை' என்று எழுதிய அட்டையைப் படிப்பவர்களில் அவளும் ஒருத்தியாக இருக்கலாம் என்ற எண்ணம், அட்டை எழுதுகிறவருக்கு வரவேண்டும்.

அதிகப் பிள்ளை பெறும் குடும்பங்களுக்கு உதவி என்ற பேச்சும் கேரளத்தில் எழுந்தது. 2021 ஜூலையில், 2000-ஆம் ஆண்டுக்குப் பின் மணம் முடித்து ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளை பெற்றவர்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாகப் பாலா மறைமாவட்டம் அறிவித்தது. பாராட்டும் வந்தது, கடும் கண்டனமும் வந்தது. ஐந்தாவது பிள்ளை பெறும் மணமான தாய்க்கு அந்த உதவி போய்ச் சேரும். முதல் பிள்ளையைக் கருக்கொண்டு கைவிடப்பட்டவளுக்கு யார் தருவது?

இரு மாநிலம், இரு தொட்டில்

கள்ளி என்றதும் தமிழர் மனத்தில் ஒரு கசப்பும் எழும். 1980-களில் உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து வந்த கள்ளிப்பால் செய்திகளை யாரும் மறந்திருக்க முடியாது. பெண்ணாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காகச் சிசுக்கள் மாண்டன. அதன்பின் ஸ்கேன் கருவி வந்தது. பிறந்த பின் நடந்த காரியம் பிறக்குமுன்பே நடக்கலாயிற்று. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதையே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

இந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான் தமிழ்நாட்டின் தொட்டில் குழந்தைத் திட்டம். 1992-இல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது சேலத்தில் தொடங்கியது. வளர்க்க முடியாதவர்கள் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிடலாம், அரசு வளர்க்கும். பத்து ஆண்டு கழித்து, 2002 நவம்பர் 14-ஆம் தேதி, கேரளக் குழந்தைகள் நலக் கவுன்சில் திருவனந்தபுரத்தில் 'அம்மத்தொட்டில்' அமைத்தது. குழந்தையைக் கிடத்தியதும் உள்ளே மணி ஒலிக்கும். விட்டுச் செல்பவள் யார் என்று எவரும் கேட்பதில்லை.

ஆக, எல்லைப்புறத்து மக்கள் இரண்டு தொட்டில்களுக்கு நடுவே வாழ்கிறார்கள். இவையன்றிச் சட்டபூர்வமான வழியும் உண்டு. குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம்; மனம் மாறினால் 60 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம். 1098 என்ற எண்ணில் அழைத்து விவரம் கேட்கலாம். இவற்றை நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அதுபோலவே, அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் வெளியே வராது என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்?

கருவிலுள்ள உயிரும் உயிரே என்ற நம்பிக்கையை எவரும் எள்ளி நகையாட வேண்டியதில்லை. கோடிக்கணக்கான மக்களின் மனச்சாட்சி அது. தன் உடலைப் பற்றிய முடிவு தன்னுடையது என்று ஒரு பெண் சொல்வதையும் அலட்சியம் செய்ய முடியாது. சவிதாவின் சாவு அதற்குச் சாட்சி. இந்த இரண்டு சாராரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஓர் இடம் உண்டு. வறுமைக்கும் அவமானத்துக்கும் பயந்து எந்தப் பெண்ணும் தனியே ஒரு முடிவுக்குத் தள்ளப்படக் கூடாது என்பதே அது.

பேரணியில் எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று எண்ணுவது சுலபம். எண்ணுவதற்கு வேறு கணக்கும் இருக்கிறது. பஸ் ஏறி ஊர் திரும்பியவர்களில் எத்தனை பேர், பக்கத்து வீட்டில் கலங்கி நிற்கும் பெண்ணின் கதவை, அவளிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல், தட்டினார்கள்? அடுத்த ஆகஸ்டு 10-ஆம் தேதி நடக்கப் போகிறவர்களும், நடக்க மறுப்பவர்களும் இந்தக் கணக்கைத் தங்கள் ஊரிலேயே போட்டுப் பார்க்கலாம்.