டேங்கில் துருவா? புது டேங்க் வாங்கும் முன் கழுவிப் பாருங்கள்



பால் கேன், பூக்கூடை, காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் ஓடுகிற பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிதான் நம்மில் பலருக்குப் பிழைப்பு. அது நின்னா அன்றைய வருமானமும் நின்னு போகும், குழுத் தவணையும் தள்ளிப் போகும்.

வண்டி நல்லா ஓடிக்கொண்டே இருந்து திக்கித் திக்கி நிற்கிறதா? கொஞ்ச நேரம் விட்டு உதைத்தால் மறுபடி கிளம்புகிறதா? பிளக்கை மாற்றுவதற்கு முன்னால் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். செங்கல் பொடி மாதிரி தெரிந்தால் துருதான். அது பெட்ரோல் டேப்பையும் கார்புரேட்டரையும் அடைக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டது. அப்படி வெள்ளத்தில் முழுகிய வண்டிக்கு எஞ்சினைப் பார்ப்போம், டேங்கை மறந்துவிடுவோம். வெள்ளமே வராவிட்டாலும் துரு வரும். அரை டேங்க் காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று ராத்திரிக் குளிரில் தண்ணீராகி அடியில் தங்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள் (நம்ம பக்கம் விளைகிற கரும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பதுதான்). அது ஈரத்தை இழுக்கும். பல நாள் நிறுத்தி வைக்கும் பழைய வண்டிக்கு இது ஆகாது.

கழுவுவது மெக்கானிக் கையால் நடக்கட்டும். என்ன செய்யணும்னு நாம் தெரிந்து வைத்துக்கொள்வோம். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த வெளியில் பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, டேப்பை எடுத்துவிட்டு ஓட்டையை ரப்பரால் அடைக்கணும். முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை அலசணும். பிறகு ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து நிரப்பி, ஒரு ராத்திரி விடணும். பழைய செயின் துண்டு ஒன்றை உள்ளே போட்டுக் குலுக்கினால் ஒட்டிய துருவும் உதிரும். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் நன்றாகக் காய வைத்து, கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றணும். ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்தில் மறுபடி துரு பிடிக்கும். கக்கூஸ் ஆசிட் வேண்டவே வேண்டாம், தகட்டையே தின்றுவிடும்.

கழுவிய பிறகு ஓட்டை தெரிந்தால்? "காலி டேங்க்தானே, ஒரு பொட்டு வெல்டிங் வெச்சிடலாம்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்து. மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் குண்டு மாதிரி வெடிக்கும். அடித்தகடு மெலிந்து பொத்தல் விழுந்திருந்தால் புது டேங்க் வாங்குவதே மேல். அந்தச் செலவுக்குக் குழுவில் உள்கடன் கேட்கலாம், தப்பில்லை.

டேங்கை மாட்டும்போது பெட்ரோல் டியூபையும் ஃபில்டரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு ஃபில்டரைப் பாருங்கள். பொடி தெரிந்தால் இன்னொரு தடவை கழுவணும்.